சிவப்பும் மஞ்சளும்: சிலாங்கூர் காற்பந்துக் குழுவும் எம் எதிர்பார்ப்பும்

தலைமையாசிரியர் என்னும் முறையில் இம்மலருக்கு யாம் எழுதும் கட்டுரை கல்வியின் மேன்மையையோ காலத்தின் அருமையையோ பற்றியதாக அமைவதே வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்று சற்றே விலகிக் காற்பந்தைப் பற்றி எழுத முற்பட்டுள்ளோம். இதற்குக் காரணமானவன் எம் பள்ளி மாணவன் ஒருவன்.

2025ஆம் ஆண்டின் நடுவில், ஒரு புதன்கிழமை மாலைப் புறப்பாட வேளையில், அவன் சிவப்பும் மஞ்சளும் கலந்த சட்டை அணிந்து திடலுக்கு வந்திருந்தான். சட்டை அவன் முழங்கால் வரை தொங்கியது. “இது யாருடைய சட்டை?” என்று வினவினோம். “சிலாங்கூர் சட்டை, ஐயா. அப்பா வாங்கித் தந்தார்” என்றான். பிறகு எம் முகத்தை அண்ணாந்து பார்த்து, “வரும் பருவத்திலாவது சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை வெல்லுமா, ஐயா?” என்று கேட்டான்.

சிலாங்கூர் குழு 33ஆவது முறையாக அக்கிண்ணத்தை வென்றது 2015ஆம் ஆண்டு டிசம்பரில். ஷா ஆலம் அரங்கில் கெடாவை 2–0 என்ற கோல் கணக்கில் அன்று அது வீழ்த்தியது. எம்மிடம் வினாத் தொடுத்த மாணவன் பிறந்ததும் அதே 2015ஆம் ஆண்டில்தான். தன் குழு கிண்ணம் ஏந்தி நின்றதை அவன் ஒரு நாளும் கண்டதில்லை. ஆயினும் அச்சட்டையை விருப்போடு அணிந்து வருகிறான்! அவனுக்கு அன்று யாம் தகுந்த விடை கூறவில்லை. அவ்விடையே இக்கட்டுரை.

மாணவச் செல்வங்களே! இக்கிண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிந்து கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு முன், மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசு தன் செலவில் ஒரு போர்க்கப்பலைக் கட்டுவித்து பிரிட்டிஷ் கடற்படைக்கு வழங்க முன்வந்தது. அக்கப்பலுக்கு ‘மலாயா’ என்றே பெயர். 1915இல் அது கடலில் இறக்கப்பட்டது. அந்நாளில் இந்நாட்டின் பெருஞ்செல்வம் ஈயமும் ரப்பருமே என்பதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஈயம் தோண்டிய சீனர்களும் பால்மரம் வெட்டிய நம் முன்னோர்களும் சிந்திய வியர்வை அச்செல்வத்தில் கலந்திருந்தது. 1921ஆம் ஆண்டு அக்கப்பல் மலாயாவுக்கு வந்தபோது மக்கள் அளித்த வரவேற்பால் மகிழ்ந்த கப்பலினர், காற்பந்துப் போட்டிக்கென ஒரு கிண்ணத்தை அன்பளிப்பாக வழங்கினர். அதுவே மலாயாக் கிண்ணம். 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது.

1921இல் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்றது. மறு ஆண்டே அதே சிங்கப்பூரை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஆகவே சிலாங்கூரின் பெருமைமிகு வரலாறு தோல்வியில்தான் தொடங்குகிறது. இதனை நீங்கள் நெஞ்சிற் பதித்துக் கொள்ளல் வேண்டும்.

எம் இளமைப் பருவம் சிலாங்கூர் மாநிலத்தின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கழிந்தது. எம் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சிலாங்கூர் ஆட்டக்காரர்களின் பெயர்களையும் அவர்கள் ஆடும் இடங்களையும் தலைகீழாகச் சொல்வார். இறுதியாட்டம் நடைபெறும் மாலைகளில் எங்கள் லயத்தின் வாசலில் ஒரே வானொலியைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் கூடும். வருணனை மலாய்மொழியில் ஒலிக்கும். புரிந்தவர் புரியாதவர்க்குச் சொல்வார். கோல் விழுந்துவிட்டால் எவரும் எவர்க்கும் சொல்ல வேண்டியதில்லை!

1975 முதல் 1981 வரை, 1977 நீங்கலாக, இறுதியாட்டத்தில் மோதியவை சிலாங்கூரும் சிங்கப்பூருமே. ஐந்து முறை சிலாங்கூர் வென்றது. 1977இலும் 1980இலும் சிங்கப்பூர் வென்றது. 1980ஆம் ஆண்டுத் தோல்வி எமக்கு நன்கு நினைவிருக்கிறது. சிங்கப்பூரின் இளைஞர் ஃபண்டி அகமது அடித்த கோல் ஆட்டத்தின் முடிவை எழுதிவிட்டது. 2–1 என்று வானொலி அறிவித்ததும் யாம் அழுதுவிட்டோம். தந்தையார் வானொலியை நிறுத்திவிட்டு, “மழை பெய்தால் அன்றைக்குப் பால் இல்லை. அதற்காக மரத்தை வெட்டிப் போடுவார்களா? நாளைக்கும் அதே மரந்தான்” என்றார். மறு ஆண்டு சிலாங்கூர் சிங்கப்பூரை 4–0 என்று வென்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தார். பதினொரு வயதுப் பையனைத் தூக்குவது எளிய செயலன்று!

அந்நாளைய சிலாங்கூர் குழுவில் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் நெஞ்சைக் கொள்ளை கொண்டவர் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆவார். நீண்ட கைகளை விரித்து அவர் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் பாங்கைக் கண்டோர் அவருக்கு ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் சூட்டினர். கொல்லையில் இரு கழிகளை நட்டுக் கோல் கம்பமாக்கி ஆடிய நாங்கள் அனைவரும் ஆறுமுகமாகவே இருக்க விரும்பினோம். கோல் அடிக்க ஆளில்லாமல் ஆட்டம் நின்று போன நாள்களும் உண்டு. எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் வழங்கிய ஒரு பெயரை நாடே உரக்கச் சொல்லி வாழ்த்தியது எங்களுக்கு எத்துணைப் பெருமிதம் அளித்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது அரிது. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சாலை விபத்தில் மறைந்தார். அச்செய்தி வந்த நாளில் எங்கள் லயமே துக்க வீடு போலானது.

அவர் ஒருவர் மட்டுமல்லர். 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காக ஆடிய எம். சந்திரன் சிலாங்கூர் ஆட்டக்காரர். 2010இல் பயிற்றுநராக நின்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியாவுக்குப் பெற்றுத் தந்த கே. ராஜகோபால் இளமையில் சிலாங்கூர் சட்டை அணிந்தவர். தற்காப்பில் அரணென நின்றோர் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். முன்னணியில் கோல் மழை பொழிந்தவர் மொக்தார் டஹாரி. நோய்வாய்ப்பட்டு 1991இல் தம் 37ஆம் வயதிலேயே அப்பெருந்தகை மறைந்தபோது இன வேறுபாடின்றி நாடு கண்ணீர் வடித்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் ஆகியோர் ஒரே சட்டையில் நின்று ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்தி ஆடினர். ஒற்றுமையைப் பற்றி யாம் வகுப்பில் ஓராண்டு கூறுவதை அக்குழு தொண்ணூறு நிமிடங்களில் கூறிவிட்டது.

சிலாங்கூரின் புகழ் கடல் கடந்தும் சென்றதுண்டு. 1967இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசியக் கழகங்களுக்கான போட்டியில் அது இறுதியாட்டம் வரை முன்னேறி, இஸ்ரேலின் ஹப்போயெல் தெல் அவீவ் குழுவிடம் 1–2 என்று தோற்றது.

ஆயினும், ஏற்றம் உள்ள இடத்தில் இறக்கமும் உண்டு. 1986இல் ஜொகூரை 6–1 என்று வென்ற பின் ஒன்பது ஆண்டுகள் சிலாங்கூருக்குக் கிண்ணம் கிட்டவில்லை. 1994இல் நம் நாட்டுக் காற்பந்து முழுமையாகத் தொழில்முறை ஆட்டமாக மாறிற்று. ஆட்டமே ஆட்டக்காரரின் பிழைப்பானது. அதே காலத்தில் ஆட்டத்தை விலை பேசும் இழிசெயல் அம்பலமானது. பல மாநிலங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை விதிக்கப்பட்டுக் களத்தை விட்டே நீங்கினர். அன்று வெறிச்சோடிய அரங்குகள் பல பின்னரும் முன்போல் நிரம்பவில்லை. உழைத்து ஈட்டிய நன்மதிப்பை ஒரு கைக்கூலி அழித்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

அத்தகைய காலத்திலும் சிலாங்கூர் 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்றது. அப்பொழுது யாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்துப் பணியில் அமர்ந்திருந்த இளைஞர். 1994இல் திறக்கப்பட்டிருந்த ஷா ஆலம் அரங்கில் ஓர் ஆட்டத்தைக் காண எம் தந்தையாரை அழைத்துச் சென்றோம். வாழ்நாளெல்லாம் வானொலியில் கேட்ட குழுவை அவர் கண்ணாற் கண்டது அன்றுதான். 80,000 பேர் அமரத்தக்க அவ்வரங்கில் நுழைந்ததும் அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கம்பங்களில் எரிந்த விளக்குகளையே நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு வெளிச்சமா!” என்றார். நெற்றி விளக்கின் ஒளியில் முப்பதாண்டுகள் மரம் வெட்டியவர் அன்றோ! இன்று அவர் இல்லை. அவ்வரங்கும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் புதிய அரங்கு எழுப்பும் பணி நடந்து வருகிறது.

2005இல் சிலாங்கூர் முதல்நிலைப் பிரிவிலேயே இல்லை. இரண்டாம்நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டே மலேசியக் கிண்ணத்தை வென்று மேலே ஏறி வந்தது. 2009இலும் 2010இலும் சூப்பர் லீக் வெற்றியாளரானது. அதன் பின் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவின் காலம் தொடங்கியது. 2014 முதல் 2024–25 பருவம் வரை பதினொரு முறை தொடர்ந்து லீக் பட்டம் அக்குழுவுக்கே சென்றது. சிலாங்கூர் 2023இலும் 2024–25இலும் இரண்டாமிடம் பெற்றது. 2022இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்திற்குச் சென்று அதே ஜொகூர் குழுவிடம் 1–2 என்று தோற்றது. 2015க்குப் பின் 2025 நடு வரை, யாம் வினாவை எதிர்கொண்ட அந்த நாள் வரை, மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கு வரவில்லை.

இனி, எம் குறை ஒன்றை இம்மலரில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். 2003ஆம் ஆண்டு இதே பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியராக இருந்தோம். அவ்வகுப்பில் நீண்ட கைகளையுடைய மாணவன் ஒருவன் இருந்தான். கோல் கம்பத்தின் கீழ் அவன் நின்றால் பந்து உள்ளே நுழைவது அரிது. மாவட்டக் குழுத் தேர்வுக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. தேர்வு நடந்த சனிக்கிழமையில் யாம் யு.பி.எஸ்.ஆர். சோதனைக்கான கூடுதல் வகுப்பை ஏற்பாடு செய்திருந்தோம். அவன் தந்தை பொழுது சாயும் வேளையில், பால்வாடை மாறாத உடையோடு வந்து, “ஒரு நாள் தானே ஐயா, அனுப்பலாமா?” என்று கேட்டார். “பந்து சோறு போடாது” என்று யாம் விடை பகர்ந்தோம். “நீங்கள் சொன்னால் சரிதான், ஐயா” என்று கூறி அவர் சென்றுவிட்டார். அவர் எதிர்வாதம் செய்திருந்தால் ஒருவேளை யாம் இசைந்திருப்போம். அவர் எம்மை நம்பினார். அந்நம்பிக்கையே இன்றளவும் எம்மை உறுத்துகிறது.

அச்சனிக்கிழமை அம்மாணவன் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்து பின்னக் கணக்குகளைப் போட்டான். ஒருமுறைகூடச் சன்னல் பக்கம் திரும்பவில்லை. அவன் சோதனையில் தேறினான். ஆனால் பந்தை அதன் பின் தொடவில்லை. சென்றிருந்தால் அவன் ஆறுமுகம் ஆகியிருப்பான் என்று யாம் கூறவில்லை. ஆகியிருப்பானா என்பதை அறியும் வாய்ப்பை அவனிடமிருந்து பறித்தோம் என்றே கூறுகிறோம். இன்று சிலாங்கூர் குழுவில் நம்மவர் பெயர் முன்போல் ஒலிக்கவில்லையே என்று நாம் வருந்துகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் திடல்கள் மறைந்ததும் அதற்குக் காரணங்களே. அவற்றோடு எம்மைப் போன்ற ஆசிரியர்களின் இத்தகைய சனிக்கிழமைகளையும் சேர்த்துக் கொள்ளல் வேண்டும்.

அவன் இன்று துறைமுகத்துக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். உழைப்பாளி. குடும்பத்தைக் குறைவின்றிக் காப்பவர். பல்லாண்டுகள் கழித்து யாம் தலைமையாசிரியராக இப்பள்ளிக்குத் திரும்பி வந்த பின், தம் மகனை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்தார். பழைய நிகழ்ச்சியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. பதிவுத் தாளில் கையொப்பமிட்ட பின் மகனின் கையைப் பிடித்து எமக்குக் காட்டி, “ஐயா, இவனுக்கும் கை நீளந்தான்” என்று மட்டும் கூறினார். முழங்கால் வரை தொங்கும் சிவப்பு மஞ்சள் சட்டையோடு எம்மிடம் வினாத் தொடுத்தவன் அம்மகனே.

அன்பு மாணவனே! உன் வினாவுக்கு இப்போது விடை கூறுகிறோம். வரும் பருவத்தில் கிண்ணம் வருமா என்பதை எவராலும் உறுதி கூற இயலாது. ஆனால் புதிய பருவம் தொடங்கும் நாளில் எல்லாக் குழுக்களுக்கும் புள்ளி பூச்சியமே. சென்ற பருவத்தின் வெற்றியும் தோல்வியும் அன்று கணக்கில் சேர்வதில்லை. குழுவின் நம்பிக்கை எங்கிருக்கிறது என்று கேட்பாயாயின், ஃபைசல் ஹலிம் என்னும் ஆட்டக்காரரை நினைத்துப் பார். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணப் போட்டியில் தென்கொரியாவுக்கு எதிராக அவர் அடித்த கோலை நாடே கொண்டாடியது. அவ்வாண்டு மே மாதத்தில் கொடியவர் ஒருவர் அவர் மீது அமிலத்தை வீசினார். உடல் வெந்து, பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்ட அவர், பின்னர் மீண்டும் சிலாங்கூர் சட்டை அணிந்து களமிறங்கினார். அத்தகையோர் ஆடும் குழுவை நம்புவதற்குக் கிண்ணம் ஒன்று வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எம் பள்ளிக்கும் ஒரு பருவம் வரவிருக்கிறது. மாணவர் தொகை ஐம்பதைத் தொடவில்லை. பதினொருவர் கொண்ட குழு அமைக்க நான்காம் ஆண்டுப் பிள்ளைகளையும் சேர்த்தாக வேண்டும். மாற்று ஆட்டக்காரர் என்று எவரும் இலர். சென்ற முறை நடைபெற்ற பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். எனினும் மூன்றாம் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தோம். அதனை அடித்தவனைத் தோழர்கள் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சியைக் கண்ட எவரும் நாம் தோற்றோம் என்று கூறார். இனி வாரந்தோறும் செவ்வாய், வியாழன் ஆகிய இரு மாலைகளில் காற்பந்துப் பயிற்சி நடைபெறும். தேர்வுக்கு அழைப்பு வரும் எந்த மாணவனையும் எந்த மாணவியையும் இப்பள்ளி தடுக்காது. கூடுதல் வகுப்பை மற்றொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள எம்மால் இயலும். அழைப்பு மற்றொரு நாள் வராது.

பெற்றோர்களே! பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதில் எமக்கு இருவேறு கருத்தில்லை. படிப்பே நம்மை லயத்திலிருந்து வெளியே கொணர்ந்தது. அதனை யாம் மறவோம். ஆனால் திடலில் வீழ்ந்து எழக் கற்ற பிள்ளை சோதனையில் வீழ்ந்தாலும் எழும். பயிற்சி நாள்களில் உங்களால் இயன்றால் திடலோரம் வந்து நில்லுங்கள். பால் வெட்டிக் களைத்த கைகளானாலும், செம்பனைக் குலை சுமந்து சோர்ந்த கைகளானாலும், இருமுறை தட்டினால் போதும். பிள்ளைகளுக்கு அது கேட்கும்.

மழை பெய்த மறுநாளும் அதே மரந்தான் என்று எம் தந்தையார் கூறியதையே உங்களுக்கும் கூறி அமைகிறோம். சிலாங்கூர் வெல்க! எம் பள்ளிச் செல்வங்கள் வளர்க!